நிறைய நிரப்பித் தரவும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒருத்தர் சொன்னது. அவருக்கும் அவர் அண்ணன் வீட்டில் சொன்னதுதான். வருகிற வழியில் ஏதாவது கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். ஆனால் இதில் ஒரு எண் வரும். அது மட்டும் நான் போட்டது. அந்த எண் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கண்டக்டர் வந்து, "ரேடியேட்டர் கொதிக்குது, யாருகிட்டயாச்சும் தண்ணி இருந்தா குடுங்க" என்று கேட்டாரே, நீங்களும் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தீங்க. கொடுக்கும்போது, "பாதிதான் இருக்குது தம்பி, தப்பா நெனச்சுக்காத" என்றீங்க. குடிக்க வைத்திருந்த தண்ணீரையே தூக்கிக் கொடுக்கிறவங்க எதற்காக இப்படிச் சொல்லணும்? அதனால்தான் உங்களிடம் பேசத் தோன்றியது. வண்டி சூடு இறங்கி ராயக்கோட்டை மேடு ஏற இன்னும் நேரம் ஆகும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

இந்த பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாதீங்க. இதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் இன்றைக்கு ஓடிவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அரிக்கும், ஆனால் மெதுவாக அரிக்கும். நான் சொல்லப்போகிற வண்டி வேறு. மின்சாரக் கார்.

நான் ஓசூரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் அரூர் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போனது நான்தான் முதல், வேதியியல் படித்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வண்டிகளுக்குள் ஓடுகிற எண்ணெய், கூலன்ட் இதெல்லாம் பாட்டிலில் எங்களுக்கு வரும். கூலன்ட் என்றால் வண்டி சூடாகாமல் இருக்க உள்ளே சுற்றுகிற திரவம். பச்சையாக இருக்கும், ரோஸாக இருக்கும், நீலமாகவும் இருக்கும். அதில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் பாய்வது ரொம்பக் குறைவு அம்மா. அதில் கரைந்திருக்கிற உப்புதான் மின்சாரத்தைக் கொண்டுபோகும். அதே உப்புதான் குழாயையும் அரிக்கும். மின்சாரக் காரில் இந்தத் திரவம் பேட்டரியை ஒட்டியே ஓடுகிறது. அங்கே மின்சாரம் கசிந்தால் ஆபத்து. அதனால் அந்த கூலன்டைத் தனியாகச் செய்கிறார்கள். மின்சாரம் பாய்கிற அளவைக் கருவி எண்ணாகக் காட்டும், அது நூறைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கார் கம்பெனி வைத்த வரம்பு. நாம் குடிக்கிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே தாண்டிவிடும். நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

சாம்பிள் பிடித்து அனுப்ப எங்கள் கூடத்திலிருந்துதான் காலி பாட்டில் போகும். முன்பு அதன் மேல் இங்கிலீஷில் மட்டும் ஒட்டியிருக்கும். எங்கள் மேனேஜர் அருள்செல்வன் சார் ஒருநாள் கூப்பிட்டு, "உனக்குத் தமிழ் நல்லா வருமேம்மா, இதைத் தமிழ்ல எழுதிக் குடு. ஊர்க்காட்டுல இருக்கறவங்களுக்கும் புரியட்டும்" என்றார். வேலையில் சேர்ந்த புதுசு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் அம்மா கையெழுத்துப் போட மட்டும்தான் பழகினவங்க. நான் எழுதினது அச்சில் வரப்போகிறது. அடித்து அடித்து எழுதினேன். 'பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கவும்' என்று முதலில் போட்டேன். ஏதோ சாராயக் கடையில் சொல்வது மாதிரி பட்டது. கடைசியில், 'பாட்டிலை நிறைய நிரப்பித் தரவும்' என்று வைத்தேன். நிறைய என்பதற்கு வல்லின ற. நிரப்பி என்பதற்கு இடையின ர. பக்கத்தில் ஒற்று வரும். நிறையப் பேர் அந்த ஒற்றை விட்டுவிடுவார்கள். சார் படித்துப் பார்த்து, "மரியாதையா இருக்குது" என்றார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஹாஸ்டலில் சமைக்கிறது பச்சியம்மா அக்கா. அவங்களுக்கு ஒரு அண்ணன், மாதப்பன். பாலக்கோட்டுக்கு உள்ளே ஒரு கிராமம். முதலாளிகளுக்கு டீசல் கார் ஓட்டியே பாதி ஆயுசு போச்சு. அந்த டீசல் கார் ஒவ்வொரு மேட்டிலும் கொதிக்குமாம். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர். வழியில் ஏரி தெரிந்தால் ஏரி, பம்ப்செட் தெரிந்தால் பம்ப்செட். "எங்கண்ணனுக்கு இந்த ஜில்லாவுல ரோட்டைவிடத் தண்ணி எங்க இருக்குதுன்னுதான் தெரியும்" என்று பச்சியம்மா அக்கா சொல்வாங்க.

அப்புறம் சொந்தமாக ஒரு மின்சாரக் கார் எடுத்தார். கடன் வாங்கித்தான். பெங்களூரு விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேலை. வண்டியைக் கையில் கொடுத்த அன்றைக்கு அந்த கம்பெனி ஆள், "அண்ணா, எது பண்ணாலும் பண்ணுங்க. இதுல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. ஊத்துனா வாரன்ட்டி போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். மாதப்பன் அதை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டார். டிக்கியில் கேன் வைக்கிற பழக்கத்தை விட்டார். ஆயுத பூஜைக்குக் கோயிலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பூசாரி சொம்புத் தண்ணீரை முன்பக்கம் தெளிக்க வந்தபோது துண்டை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"சாமி, டயருக்குத் தெளிங்க. அது போதும்."

"ஏம்ப்பா, தண்ணியே ஆகாத சாமியா இது?"

"ஆகாதாம் சாமி. சொல்லித்தான் குடுத்தாங்க."

ஊரே சிரித்தது. அவர் பெண்டாட்டி சாலம்மாவும் சிரித்தாங்களாம். வெளியே தெளித்தால் ஒன்றும் ஆகாது, மழையிலும் ஓடுகிற வண்டிதானே. ஆனால் ஒரு விஷயம் தெரியாதபோது கொஞ்சம் அதிகமாகவே பயந்துவிடுவது நல்லது என்று நினைக்கிற ஆள் அவர். எனக்கு அந்தக் குணம் புரியும்.

போன மாசிக்கு முன்னால் ஒருநாள் காலையில் சவாரிக்குக் கிளம்பி வண்டியில் உட்காருகிறார், முன்னால் இருக்கிற திரையில் சிவப்பு விளக்கு. வண்டி நகரவே இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால் கீழே ரோஸ் நிறத்தில் சொட்டுச் சொட்டாக மண்ணில். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டார். மெக்கானிக் பைக்கில் வந்தார். படுத்துப் பார்த்தார். ஒரு குழாய் இணைப்பில் கசிவு என்றார்.

"இது கம்பெனி பொறுப்புதாண்ணா, பயப்படாதீங்க. சாம்பிள் மட்டும் டெஸ்டுக்கு அனுப்பணும். சும்மா சாங்கியம்."

எங்கள் பாட்டில் ஒன்றை எடுத்துச் சொட்டு விழுகிற இடத்தில் வைத்தார். "சொட்டி முடிஞ்சதும் மூடி போட்டு வையுங்க. வண்டியத் தூக்க லாரி வரும், அந்த டிரைவர்கிட்டக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரிமங்கலத்தில் இன்னொரு வண்டி பார்க்கக் கிளம்பிவிட்டார். அவரே இருந்து எடுத்திருக்க வேண்டும். அதுதான் முறை. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மாதப்பனுக்கு அன்றைக்கு ஏற்ற வேண்டிய ஆட்கள் பாலக்கோட்டில் பெட்டியோடு காத்திருக்கிறார்கள். விமானத்தை விட்டுவிடுவார்கள். அவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட ஓடினார். போகும்போது சாலம்மாவிடம், "பாட்டிலப் பாத்துக்க. கோழி தட்டிடப் போவுது" என்றார்.

சாலம்மா பக்கத்திலேயே குந்தி, கோழியை விரட்டிக்கொண்டு பார்த்தாங்க. சொட்டு மெதுவாச்சு. அப்புறம் நின்றே போச்சு. பாட்டிலில் பாதிக்கு ஒரு விரல் மேலே நின்றது. குழாயைத் தட்டிப் பார்த்தாங்களாம். ஒன்றும் வரவில்லை.

அந்தச் சமயம் லாரி வந்து ஹாரன் அடித்தது. சாலம்மா பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாங்க. மேலே தமிழில் எழுதியிருந்தது. எட்டாவது வரை படித்தவங்க. எழுத்துக் கூட்டிப் படித்தாங்க. 'பாட்டிலை நிறைய நிரப்பித் தரவும்.'

அம்மா, அவங்க என்ன செய்தாங்கன்னு உங்களுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"ஆபீசுக்குப் போற சாமான். அரையும் கொறையுமாக் குடுத்தா, இதுங்களுக்கு எழுதுனதக்கூடப் படிக்கத் தெரியலன்னு நெனப்பாங்க இல்ல?" இது பிற்பாடு சாலம்மா சொன்னது. பாலாகட்டும், மோராகட்டும், யார் வீட்டுச் சொம்பையும் அவங்க குறையாகக் கொடுத்ததில்லை. முதலில் வாசல் தொட்டியில் இருந்த போர் தண்ணீரைத்தான் மொண்டாங்க. மொண்டதைக் கீழே கொட்டிவிட்டாங்க. அது உப்புத் தண்ணீர், ஆபீசுக்கு அனுப்புகிறதில் ஊற்றக் கூடாது என்று. உள்ளே போய்க் குடத்தில் இருந்த ஒகேனக்கல் தண்ணீரை எடுத்தாங்க. அந்த ஊரில் அதற்கு நல்ல தண்ணி என்று பேர். என்றைக்காவது குழாயில் வரும். தெருவே வரிசையில் நிற்கும். குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கவும் சாதம் வடிக்கவும் மட்டும் வைத்திருக்கிற தண்ணீர். அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பாட்டில் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடி, துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தாங்க.

"என்னாக்கா, ரோஸ்மில்க் குடுத்தனுப்பறியா?" என்றாராம் லாரிக்காரர்.

"எடுத்துக் குடிச்சுடாத. அப்புறம் உன்னியும் லாரியில தூக்கிப் போட்டுத்தான் கொண்டு போவணும்."

அந்த பாட்டில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்ற பாட்டில்கள் கையில் ஒட்டும், எண்ணெய் அப்பியிருக்கும். இது பளிச்சென்று இருந்தது. கழுத்து வரை நிறைந்திருந்தது. ரோஸ் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அடர்த்தியில் சாயம் போடுவதால் நிறத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. யாரோ சொன்னபடி கேட்கிற மனிதர் அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, கருவியின் முனையை உள்ளே விட்டேன். நூற்று அறுபத்தெட்டு. எனக்குப் பயம் வந்தது. கருவியைக் கழுவினேன், மறுபடி பார்த்தேன். அதே எண். இன்னொரு கருவியில் பார்த்தேன். அதே எண்தான். அவசரப்பட்டு நான் எழுதவில்லை அம்மா. அதை நீங்க நம்பணும். எண் வந்தபிறகு எழுத வேண்டிய வாசகம் ஏற்கெனவே தயாராக இருக்கும். 'வரம்புக்கு மேல். வெளித் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு. அரிப்பு அபாயம்.' அதை எடுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த ரிப்போர்ட்டுக்கு அப்புறம் கசிந்த குழாய் இணைப்பை யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. உள்ளே அரித்திருக்கிறதா, செய்யும்போதே கோளாறா என்று அதைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எண்தான் வந்துவிட்டதே. வண்டிக்காரர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், குழாய் அரித்திருக்கிறது, அதனால் பேட்டரியையும் மாற்றணும், எதற்கும் இனி கம்பெனி பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். பேட்டரி மாற்றுவதென்றால் பாதி வண்டி வாங்குவது மாதிரி.

மாதப்பன் சர்வீஸ் சென்டருக்குப் போனார். சாலம்மாவும் கூடப் போனாங்க. அங்கே குளிர்சாதன அறையில் மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வயது ஆள்.

"வண்டியில தண்ணி ஊத்துனீங்களா அண்ணா?"

"ஒரு சொட்டு ஊத்தல."

"டெஸ்ட்ல வந்திருக்குதே."

"டெஸ்ட்ல எது வேணா வரட்டும் தம்பி. நான் ஊத்தல. சாமிகிட்டயே ஊத்த விடல."

"அக்கா, நீங்க ஏதாச்சும் ஊத்துனீங்களா, வண்டியில?"

"வண்டியில நான் ஒண்ணும் ஊத்தலப்பா" என்றாங்க சாலம்மா. உண்மைதானே? வண்டியைத்தான் கேட்டார்கள். பாட்டிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாட்டிலும் வண்டியும் ஒன்று என்று அவங்களுக்கு எப்படித் தோன்றும்?

மாதப்பன் வெளியே போய்க் கற்பூரம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பளிங்குத் தரையிலேயே கொளுத்திவைத்து, "பொய் சொன்னா என் கை விளங்காமப் போவட்டும்" என்று அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். பக்கத்தில் பேட்டரி வண்டிகள் நிற்கின்றன. செக்யூரிட்டி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, கற்பூரத்தின் மேலும் அவர் கையின் மேலும் கொட்டினார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் போனில் படம் எடுத்தார்களாம். கற்பூரம் கொளுத்தினதற்காக அவரை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. வெளியே கொண்டுவந்து விட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுவும் பாட்டிலில்.

வீட்டுக்கு வந்தபிறகு சொந்தக்காரர்கள் துக்கம் கேட்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். பச்சியம்மா அக்காவும் ஓசூரிலிருந்து போயிருந்தாங்க. மாதப்பன் கையை விரித்துக் காட்டுகிறார். "இத்தினியூண்டு பாட்டிலுங்க. அதுல தண்ணி இருக்குதுன்றானுங்க. தண்ணி எங்கிருந்து வரும்? ஆகாசத்துல இருந்தா?"

சாலம்மா எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டு போகிறவங்க, போகிற போக்கில், "பாட்டில்லயா? அதுல நான்தான் கொஞ்சம் ஊத்துனேன். நெறையலயே" என்றாங்க.

யாரும் டீயைக் குடிக்கவில்லையாம். "அண்ணன் சிரிச்சுது. நல்லா வாய் விட்டுச் சிரிச்சுது. அப்புறம் எழுந்து வண்டி நிக்குற எடத்துல போய் உக்காந்துக்குச்சு. வண்டி இல்லாத எடத்துல" என்று பச்சியம்மா அக்கா சொன்னாங்க. அடிக்கவில்லை, திட்டவில்லை. அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, அடிக்காமல் இருப்பது. ஆனால் சாலம்மா அன்றிலிருந்து அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பதில்லையாம். போர் தண்ணீர்தான் குடிக்கிறாங்களாம்.

மறுநாளே இரண்டு பேரும் திரும்ப சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். நடந்ததை அப்படியே சொன்னார்கள். சாலம்மா, துணியில் வடிகட்டினதைக்கூடச் சொன்னாங்க, அதைச் சொன்னால் கொஞ்சம் இரக்கம் வரும் என்று நினைத்து.

அந்த ஆள் கேட்டார். "நேத்து ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலன்னு கற்பூரம் அடிச்சீங்க. இன்னிக்கு ஊத்துனோம், ஆனா பாட்டில்ல ஊத்துனோம்ங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

சத்தியம் பண்ணாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. புதுசாக வண்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள் என்று மாதப்பன் கெஞ்சினார். எடுக்க ஒன்றும் இல்லை. வண்டி உள்ளே வந்த அன்றைக்கே மிச்சம் இருந்ததையும் வடித்துக் கொட்டிவிட்டார்கள். அதுவும் முறைதான். எல்லாரும் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பச்சியம்மா அக்கா எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாங்க. நான் அந்த லேபில் இருக்கிறேன் என்று அவங்களுக்குத் தெரியாது. ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாங்க. ரோஸ் நிறம், கழுத்து வரைக்கும் என்று அவங்க சொல்லச் சொல்ல நான் தண்ணீரை எடுத்து எடுத்துக் குடித்தேன். "என்னா பாப்பா, காரமா?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். சட்னியில் காரமே இல்லை.

காலையில் முதல் வேலையாக அருள்செல்வன் சாரிடம் போனேன். பேர் ஊர் எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை அம்மா. பொறுமையாகக் கேட்டார். ரிப்போர்ட்டைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார். 'இந்த அறிக்கை பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.'

"நீ போட்ட நம்பர் சரியா, தப்பா?"

"சரி சார்."

"அப்புறம் என்ன? நாம பாட்டிலுக்குத்தான் பொறுப்பு. வண்டிக்கு இல்ல."

"ஆனா சார், அவங்க அதுல தண்ணி ஊத்தி..."

"ஊத்துனாங்கன்னு யாரு சொன்னது?"

"எங்க ஹாஸ்டல்ல சமைக்கிற அக்கா."

அவர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். அப்புறம், "உனக்கு நிரந்தரம் ஆகறதுக்கு எப்போ எழுதணும்? பங்குனியிலயா?" என்று கேட்டார். மிரட்டுகிற மாதிரி இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு மேலே பேச வரவில்லை.

நீங்க என்ன கேட்டீங்க? பாதி பாட்டில் வந்திருந்தால் வாங்கியிருப்போமா என்றா?

வாங்காமல் என்ன அம்மா! பாதியே அதிகம். அந்தக் கருவிக்கு ஒரு காபி டம்ளரில் பாதி இருந்தால் போதும். மிச்சத்தை எல்லாம் நாங்கள் கீழேதான் கொட்டுகிறோம். அதுதான் எனக்குப் புரியவே இல்லை. பாதி இருந்தால் பாதியைக் கொடுக்க வேண்டியதுதானே? குடிக்கிற தண்ணீரை எடுத்து, வடிகட்டி, யார் அவங்களை ஊற்றச் சொன்னது? எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு இதையே யோசித்துப் பார்த்துவிட்டேன். படித்தவங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவங்க. படிக்காமல் கொடுத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பாங்க.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறீங்க?

இல்லை, நான் சும்மா இருந்துவிடவில்லை. செய்து பார்த்தேன். மாதிரிக்கு வைத்திருந்த புது கூலன்டைப் பாதிக்கு ஒரு விரல் மேலே வரைக்கும் ஊற்றி, எங்கள் ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கழுத்து வரைக்கும் நிரப்பினேன். எங்களுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்தான் வருகிறது. அதே குழாய் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கருவியை விட்டேன். நூற்று அறுபத்தொன்று. கிட்டத்தட்ட அதே எண். அந்தத் தண்ணீரை ஊற்றாமல் பார்த்தால் பத்துக்கும் கீழே. அப்படியென்றால் அவர் வண்டிக்குள் இருந்தது சுத்தமான கூலன்ட்தான். அவர் சொன்னது முழுக்க உண்மை. கற்பூரம் வீணாகவில்லை.

அதைத் தாளில் எழுதிச் சாரிடம் கொண்டுபோனேன். "யாரு செய்யச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். சோதனைக்கு நம்பர் இல்லை, அனுப்பினவர் பேர் இல்லை, அதனால் அது சோதனை இல்லை என்றார். அது நியாயம்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அது இந்தப் பையில்தான் இருக்கிறது.

இதோ இந்த மஞ்சள் பை பச்சியம்மா அக்கா கொடுத்தது. அண்ணன் பிள்ளைகளுக்கு முறுக்கு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பாலக்கோடு ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். மாதப்பன் அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார். இப்போது யாருடைய தக்காளி வண்டியையோ ஓட்டுகிறார். அந்தக் கார் சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறதாம். போன தடவை பையை வாங்கிக்கொண்டு, "பாப்பா, உன்ன மாதிரி படிச்சவங்க அங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்களா?" என்றார். "கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. அவர் கை தூக்கிக் காட்டினார். இன்றைக்கும் நிற்பார். இந்தத் தாளைக் கொடுத்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போவார். அங்கே அதற்கு நம்பர் கேட்பார்கள். கொடுக்காமல் விட்டால் முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க அம்மா?

பாருங்க, கிளம்பப் போகிறது போலிருக்கிறது. இஞ்சின் சத்தம் வந்துவிட்டது. உங்கள் பாட்டிலைக் கண்டக்டர் திருப்பிக் கொண்டுவருகிறார். பாதித் தண்ணீர்தான், ஓடுகிறது பார்த்தீங்களா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், என்னை அஜாக்கிரதையான பெண் என்று நீங்க நினைக்கக் கூடாது. போன வாரம் பாட்டிலுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் புதுக் கட்டு அச்சாகி வந்தது. இனிமேல் எங்கள் பக்கம் எந்தத் தப்பும் இருக்கக் கூடாது என்று, யாரும் சொல்லாமலே எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிறைய, வல்லின ற. நிரப்பி, இடையின ர. பக்கத்தில் ஒற்று. ஒன்றில்கூடப் பிழை இல்லை.